மண் சட்டையும் மறுப்புக் கடிதமும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு உறுதியான செய்தி இது: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பத்திரிகையில் வெளிவந்த அந்த மறுப்புக் கடிதத்தை எழுதியது நீ. உன் பெரியப்பா அல்ல, நீ. தகவல் தந்தவர் எங்கள் அலுவலகத்தின் பழைய பிழை திருத்துநர். தகவல் என்றுகூடச் சொல்லக் கூடாது. கடிதத்தையே என் கையில் கொடுத்தார்.

அலுவலகத்தை மன்னார்புரம் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறோம். பழைய தாள்களைக் கட்டுக் கட்டாக இறக்கி, வேண்டியது வேண்டாதது என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். அறை முழுவதும் காய்ந்த பசையும் கரப்பானும் கலந்த வாடை. அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே இருந்தபடியே கூப்பிட்டார்.

“சார், இங்க கொஞ்சம் வாங்க. இது உங்க சங்கதி மாதிரி இருக்கு.”

கம்பியில் குத்திய துளையோடு இரண்டு தாள்கள். யாருடைய கையெழுத்து என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் நான்கு ஆண்டுகள் உன் நோட்டை வாங்கிப் படித்துத்தான் நான் தேர்வு எழுதினேன். உன் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, வரி முடியும் இடத்தில் கொஞ்சம் மேலே ஏறும். பன்னிரண்டு ஆண்டுத் தூசிக்கு அடியிலும் அப்படியே ஏறியிருந்தது.

நீ கண்ணை மூடி இருபத்திரண்டு நாள் ஆகிறது. இனி உன்னிடம் நேரில் கேட்க வழியில்லை. அதனால் எழுதுகிறேன். என் தொழிலில் பழகியபடி, நடந்ததை நடந்த வரிசையில்.

நீ ஸ்ரீரங்கத்தில் பாலர் பள்ளி தொடங்கியபோது ஊரே சிரித்தது. பி.ஏ. படித்த ஆண்பிள்ளை, நல்ல குடும்பம், ரெயில்வேயில் வேலை கிடைக்கும் நிலையில் இருந்தவன், மூன்று வயதுக் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கப் போகிறானாம். மேலூர் போகிற வழியில் உன் பெரியப்பாவின் பழைய வீடு பூட்டிக் கிடந்தது. அதை அவர் உனக்குக் கொடுத்தார். பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் என்று அவர் பெயரைப் போட வேண்டும், ஆசாரத்துக்குக் குறைவு வரக் கூடாது, இவை இரண்டுதான் அவர் போட்ட நிபந்தனைகள். முன்கூடத்தில் சிலேட்டு, பாட்டு, கைகூப்பிச் சுலோகம். பெற்றோர் வந்தால் பார்ப்பது அவ்வளவுதான். உன் உண்மையான பள்ளி பின்னால் இருந்த கொல்லை.

எனக்கு அந்தக் கொல்லையைக் காட்டிய நாளில் என் மகள் மைமூனுக்கு நான்கு வயது. அதற்கு முந்தைய மாரிக்காலத்தில் டைபாய்டு வந்து ஏழு வாரம் கிடந்தாள். பிழைத்தாள். ஆனால் எழுந்து வந்தது வேறு பிள்ளை. வீட்டுத் தரையைத் தவிர வேறெங்கும் கால் வைக்க மாட்டாள். வாசற்படி இறங்கத் தூக்க வேண்டும். புதிதாக எதைக் கண்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். தென்னூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் அவளை “கண்ணாடி” என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்றார். நீ ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அவளைப் பார்த்து, காப்பி குடித்துவிட்டு, போகும்போது சொன்னாய்.

“நாளைக்கு என்கிட்ட கொண்டு விடு.”

“அங்க என்னடா சொல்லிக் கொடுப்பே?”

“ஒண்ணும் சொல்லிக் கொடுக்க மாட்டேன். கொல்லையில சேத்துல விடுவேன். அதான் விசேஷம்.”

என் மனைவிக்குச் சம்மதமில்லை. “காய்ச்சல்ல கெடந்த பிள்ளையச் சேத்துல விடப்போறேங்கறீங்க. உங்க சிநேகிதருக்குப் பிள்ளை குட்டி உண்டா? இல்லையில்ல. அதான் துணிச்சலா சொல்றாரு” என்றாள். மறுநாள் சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி மைமூனை உட்காரவைத்து, காவேரிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தேன்.

கொல்லையில் ஒரு வேப்பமரம், ஒரு கொய்யா மரம், ஓர் அடிபம்பு. பம்புக்குக் கீழே நீயே வெட்டிய பள்ளம். அதில் எந்நேரமும் சேறு. சுவரில் சாய்த்த பலகைகள், ஓட்டை வாளிகள், கொட்டாங்கச்சிகள், ஒரு பழைய வண்டிச் சக்கரம். முப்பத்தொரு குழந்தைகள். அத்தனை பேரும் காவி நிறத்தில் ஒரே மாதிரி சட்டை போட்டிருந்தார்கள்.

அது உன் ஏற்பாடு. ஸ்ரீரங்கத்து வீடுகளில் மடி, விழுப்பு என்ற சுத்த அசுத்தக் கணக்கு விளையாட்டல்ல. சேற்றோடு வந்த குழந்தை குளிக்காமல் கூடத்தில் கால் வைக்க முடியாது. எந்தத் தாயும் தன் பிள்ளையைச் சேற்றில் இறக்கச் சம்மதிக்க மாட்டாள் என்று உனக்குத் தெரியும். எனவே நீ கேட்கவேயில்லை. காலையில் வந்ததும் வீட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட வேண்டும். பழைய வேட்டியைக் காவியில் நனைத்துத் தைத்த “மண் சட்டை”யை மாட்டிக்கொள்ள வேண்டும். பதினொரு மணிக்கு ஆயா வரிசையாக நிறுத்திப் பம்படியில் குளிப்பாட்டுவார். தலை வாரி, வீட்டுச் சட்டை போட்டு அனுப்பினால், வந்ததைவிடச் சுத்தமாகப் பிள்ளை வீடு போய்ச் சேரும். “உங்க ஸ்கூலுக்கு அனுப்பினதுலேருந்து கொழந்தை என்ன சுத்தம்!” என்று ஒரு தாய் உன்னிடம் சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது.

சில வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் நெற்றியில் திருமண் இட்டு அனுப்புவார்கள். உன்னிடம் அப்படி ஒன்பது பேர். சேற்றில் அது நிற்குமா? குளித்ததும் நீயே உட்கார்ந்து, ஒரு சின்னப் பித்தளைச் செப்பில் திருமண்ணைக் குழைத்து, ஒன்பது நெற்றியிலும் மறுபடி இட்டு அனுப்புவாய். உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வேறு யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி: வைணவத்தில் தென்கலையாருக்குத் திருமண்ணின் அடியில் மூக்கின் மேல் பாதம் இறங்கும், வடகலையாருக்கு இறங்காது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் தென்கலை. நீயும் தென்கலை. ஒருவன் மட்டும் வடகலை, பெயர் தேசிகன்.

உன் கொல்லையில் பெரியவர்களுக்கு ஒரே சட்டம். கவிழ்த்த வாளியில் உட்கார வேண்டும், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளே எனக்கும் வாளி போட்டாய். மைமூன் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் நாளும் நின்றாள். நான்கு நாள் நின்றாள். ஐந்தாம் நாள் வலது கால் பெருவிரலைச் சேற்றில் வைத்தாள், எடுத்தாள், பார்த்தாள், மறுபடி வைத்தாள். நேரம் ஒன்பது இருபது. என் குறிப்பேட்டில் இருக்கிறது.

இரண்டாவது வாரம் பம்பிலிருந்து சக்கரத்தடிவரை குழந்தைகள் வாய்க்கால் வெட்டினார்கள். வழியில் ஒரு மேடு. தண்ணீர் அங்கே வந்து நின்றுவிட்டது. மைமூனும் தேசிகனும் மேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“தண்ணி மேல ஏறாதுடி.”

“ஏறும். தள்ளினா ஏறும்.”

“எங்க, தள்ளு பாக்கலாம்.”

இரண்டு கையாலும் தள்ளினாள். தண்ணீர் அவள் விரல் வழியே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். தேசிகன் கைகொட்டிச் சிரித்தான். அவள் அழப்போகிறாள் என்று நான் எழுந்தேன்.

“உக்காருடா” என்றாய். “கையை எடுத்தே, வெட்டிடுவேன்.”

“அழுதா?”

“அழட்டும். தண்ணி மேல ஏறாதுன்னு இப்போ கண்டுபிடிச்சிண்டிருக்கா. நீ போய்ச் சொன்னா அது உன்னோடது. அவளே கண்டுபிடிச்சா அவளோடது.”

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் மேட்டையே பார்த்தாள். கொட்டாங்கச்சியை எடுத்து மேட்டைச் சுரண்ட ஆரம்பித்தாள். தேசிகன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் பக்கத்திலிருந்து சுரண்டினான். தண்ணீர் ஓடியபோது இருவரும் போட்ட கூச்சலில் ஆயா குளியல் சொம்போடு ஓடிவந்தார். “எவன்டா விழுந்தான்?”

கொய்யா மரத்துக்கும் உன்னிடம் ஒரு கணக்கு இருந்தது. எந்தக் குழந்தையையும் யாரும் தூக்கி மரத்தில் ஏற்றக் கூடாது. தானாக ஏற முடிந்தவர் ஏறலாம். “தானா ஏறினதுக்கு எறங்கத் தெரியும். நாம ஏத்திவிட்டதுதான் விழும்” என்பாய். முழங்காலில் சிராய்ப்பு இல்லாத நாள் கிடையாது. அதற்கு மேல் ஒரு காயமும் அந்த மரத்தடியில் நான் பார்த்ததில்லை. மூன்றாம் மாதம் மைமூன் முதல் கிளையில் உட்கார்ந்து, கீழே வாளியில் இருந்த என்னைப் பார்த்து, “அத்தா, நீங்க சின்னதா இருக்கீங்க” என்றாள். வீட்டு வாசற்படியில் அவளைத் தூக்கி இறக்கிய வேலை அதற்கு முன்பே எனக்கு நின்றுபோயிருந்தது. தெருப் பிள்ளைகள் அந்தப் பெயரை மறந்துவிட்டார்கள்.

இதை நான் எழுதாமல் எப்படி இருப்பேன்? உன்னிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் “எழுது” என்றாய். எழுதியதை வாசித்துக் காட்டியபோது மட்டும் கொஞ்சம் தயங்கினாய்.

“கொடியையும் திருமண் செப்பையும் விட்டுடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்.”

உன் கண் முன்னாலேயே இரண்டு பத்திகளை அடித்தேன். இருபது ஆண்டு நிருபர் வேலையில் யாருக்காகவும் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிச் செய்ததில்லை. பாதி உண்மையை அச்சேற்றியது என் பிழை. அதை இன்றும் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

கட்டுரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழந்தை சேற்றிலும் தண்ணீரிலும் கை வைத்தால் என்ன கற்கிறது, கீழே விழுந்து தானே எழுந்தால் என்ன பெறுகிறது என்று நான் கண்டதை மட்டும் எழுதியிருந்தேன். திங்கட்கிழமை சில பெற்றோர் வந்து கேட்டார்கள். “காவேரி மணல்தான், சுத்த மணல்” என்று நீ சமாளித்தாய். இரண்டு தகப்பனார்கள் பெருமையாகப் பத்திரிகையைக்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை பெருமாள் புறப்பாடு. பிள்ளைகளைப் பத்தரைக்கே அனுப்ப வேண்டும். நான் மைமூனை அழைத்துப்போக வந்திருந்தேன். குளிப்பாட்டி முடிப்பதற்குள் வாசலில் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். நீ அவசர அவசரமாகத் திருமண் இட்டுக்கொண்டிருந்தாய். செப்பு உருண்டது. “பிடிடா இதை” என்றாய். பிடித்தேன். ஒன்பதாவது நெற்றி தேசிகனுடையது. எட்டு நெற்றியில் பாதம் இறக்கிய விரல் ஒன்பதாவதிலும் இறக்கிவிட்டது. நீயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆள் ஆயா. அவர் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை வாசல் தாண்டிவிட்டான்.

வீட்டில் அவன் தாய் கேட்டாளாம்: “யார்றா உனக்குப் பாதம் வெச்சா?”

நான்கு வயதுப் பிள்ளைக்கு மறைக்கத் தெரியுமா? எல்லாவற்றையும் சொன்னான். சேறு, மண் சட்டை, பம்படிக் குளியல், தினமும் அழிந்து தினமும் இடுகிற திருமண். கடைசியில், “பாய் மாமா டப்பாவைப் பிடிச்சுண்டார்” என்றும் சொன்னான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் ஒரு கோர்ட்டு வழக்குக்காகக் கரூரில் இருந்தேன். சனிக்கிழமை காலை பத்திரிகையைப் பிரித்தபோது மூன்றாம் பக்கத்தில் இருந்தது, “பள்ளி நிர்வாகத்தார்” என்ற கையெழுத்தோடு.

‘எமது பள்ளியில் குழந்தைகளைச் சேற்றில் விளையாட விடும் வழக்கமில்லை. அன்று வந்திருந்த, நமது ஆசாரம் அறியாத பத்திரிகைக்காரர் ஒருவர் தம் போக்கில் குழந்தைகளைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றதுடன், பின்பு தம் கையாலேயே திருமண்ணும் இட்டுவிட்டார். அவர் எழுதிய கட்டுரையும் அத்தகையதே.’

எங்கள் பத்திரிகை ஆசிரியரின் அறைக்குப் போனேன்.

“நீங்க இட்டீங்களா?” என்றார்.

“இல்ல சார். டப்பாவைப் பிடிச்சேன்.”

“பிடிச்சதுக்கும் இட்டதுக்கும் நடுவுல என்ன தூரம்னு ஊருக்கு விளக்கிக்கிட்டிருக்க முடியாது. பள்ளிக்கூடமே எழுதிக் கொடுத்திருக்கு. போட்டாச்சு. நீங்க கொஞ்ச நாள் ஸ்ரீரங்கம் பக்கம் போகாம இருங்க.”

அந்த ஆண்டு வைகுண்ட ஏகாதசிச் செய்தி எழுத வேறொருவர் போனார். அடுத்த மூன்று ஆண்டுகளும் அவரே போனார். கைகலப்பு ஒன்றும் நடக்கவில்லை. உன் ஊர்க்காரர்கள் அப்படிப்பட்டவர்களல்ல. ஆனால் பஸ் நிலையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பழக்கடைக்காரர், “என்ன பாய், இன்னைக்கு யாருக்கு நாமம் போட வந்திருக்கீங்க?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்திலும் கேட்டார்கள். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு பெரியவர் தணிந்த குரலில், “அவங்க வேலை நமக்கு எதுக்கு தம்பி?” என்றார். இரண்டு இடத்திலும் நான் செய்யாத ஒன்றுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. என் தொழிலில் ஒருவனுக்கு இருக்கிற ஒரே சொத்து, அவன் பார்த்ததாகச் சொன்னால் அது நடந்தது என்ற நம்பிக்கை. அது போயிற்று.

பத்து நாள் கழித்து உன்னை மொட்டைக் கோபுரத்துக்கு அருகே உள்ள காப்பி கிளப்பில் பார்த்தேன். நீதான் ஆள் விட்டுக் கூப்பிட்டாய். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பெரியப்பா எழுதினார்டா. என்கிட்ட காட்டவேயில்லை. பள்ளியை மூடிடுவேன்னார். நான் என்ன பண்ண முடியும்?”

“நீ இட்டதுன்னு அவர்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். அவர் கேக்கலை.”

பிறகு, தம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னாய்: “கொஞ்ச நாள் மைமூனை அனுப்பாதே.”

நம்பினேன். ஒரு வாய்மொழியைக்கூட இன்னொருவரிடம் விசாரிக்காமல் எழுதாதவன், உன் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் கொல்லைக்குச் சிமெண்டு பூசினார்கள். பள்ளத்தை மூடினார்கள். கொய்யாவை வெட்டி, அந்த இடத்தில் கொடிமரம் நட்டார்கள். பள்ளி பிழைத்தது. எதற்காக அது பிழைக்க வேண்டுமோ அது போயிற்று.

மைமூன் ஒரு வாரம் காலையில் எழுந்ததும் சைக்கிளருகே போய் நின்றாள். “ஏன் அத்தா போகல?” என்று கேட்டாள். கடைசியில் எங்கள் வீட்டுத் துவைகல்லடியில் நானே ஒரு பள்ளம் வெட்டினேன். இரண்டு வாளி களிமண் வேண்டுமென்று ஜீயபுரம் பக்கத்து வயலிலிருந்து வண்டியில் வருவித்தேன். “சேத்தை யாராவது வண்டி வெச்சுக் கொண்டாருவாங்களா?” என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளை முதல் இரண்டு நாள் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். சேறு இருந்தது, எதிர்ப்பக்கம் சுரண்ட ஆளில்லை. மூன்றாம் நாள் என் மனைவியே தெருக்கோடிவரை போய், “பிள்ளைகளா, வாங்கடா, சேறு இருக்கு” என்று ஏலம் போட்டுக் கூப்பிட்டாள். அதன் பிறகு ஏழெட்டு ஆண்டுகள் எங்கள் துவைகல்லடி காய்ந்ததே இல்லை. எனக்குப் பிறந்த மற்ற இரண்டு பேரும் அங்கேதான் விழுந்து எழுந்தார்கள். ஒரு குழந்தை தடுக்கினால் இன்றும் என் கை முன்னே நீளாது. முதலில் அது என்ன செய்கிறதென்று பார்க்கிறேன். நீ கொடுத்ததில் என்னிடம் மிஞ்சியது அது. அதை நான் மறுக்கமாட்டேன்.

உன்னோடு பழகுவதையும் நான் நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை அதே காப்பி கிளப். உன் கல்யாணத்துக்கு வந்தேன். பெரியப்பா காலமானபோது வந்தேன். அன்று அவர் உடலுக்கு முன்னால் நின்று, அந்தக் கடிதத்துக்காக அவரை மனதாரப் பொறுத்துக்கொண்டேன். நீ பக்கத்தில் நின்றாய். அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செத்தவர் மேல் பழியைக் கிடத்திவிட்டு, என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினாய். செய்யாதவரை நான் மன்னித்தேன். செய்த உன்னை மன்னிக்க எனக்கு ஒரு சந்தர்ப்பம்கூட நீ தரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் நூறு காப்பிக்கு மேல் சேர்ந்து குடித்திருப்போம். அத்தனை காப்பியிலும் அது கலந்திருந்தது, நீ மட்டும் அறிந்து குடித்தாய்.

கடிதத்தை எழுதியதற்கு உனக்குக் காரணம் இருந்திருக்கும். முப்பது வீட்டு வாசலிலும் ஒருவன் தனியாகப் போய் நிற்க முடியாது. அந்த வாரம் நீ பயந்திருப்பாய். என்னிடம் வந்து, “என்னைக் காப்பாத்துடா, பழியை நீ எடுத்துக்கோ” என்று கேட்டிருந்தால், யோசித்திருப்பேன். ஒருவேளை சரி என்றும் சொல்லியிருப்பேன். இரண்டு பத்திகளை அடித்தவன்தானே நான். நீ கேட்கவில்லை. அந்தத் தாய்மார்களைக் கேட்காதது போலவே என்னையும் கேட்கவில்லை.

தாளில் இன்னொன்றும் இருக்கிறது. அச்சில் அது வரவில்லை. ‘எனது நண்பரும்’ என்று முதலில் எழுதியிருக்கிறாய். அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே ‘நமது ஆசாரம் அறியாத’ என்று சேர்த்திருக்கிறாய். கோடு நேராக இருக்கிறது.

செவ்வாய் மாலை அந்தத் தாளை மைமூனிடம் காட்டினேன். அவள் இப்போது எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு இருக்கிறாள். இரண்டு முறை படித்தாள்.

“இது ரொம்பத் தப்பு அத்தா.”

“ஆமாம்மா.”

“அதுக்காக நான் அங்க விளையாடலைன்னு ஆயிடுமா?”

இதில்தான் இப்போது நான் நிற்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு இரங்கல் கூட்டம். அன்றைய இதழில் உன்னைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டும் என்று ஆசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். பள்ளியிலிருந்து குறிப்பும் வந்துவிட்டது: ‘ஒழுக்கத்துக்கும் சுத்தத்துக்கும் பெயர்பெற்ற பள்ளியை நடத்தியவர்.’ அதை அப்படியே போட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கொல்லையில் மூன்று ஆண்டுகள் நீ செய்ததுதான் நீ செய்த நல்ல காரியம். அது நடக்கவேயில்லை என்று எங்கள் பத்திரிகையின் ஏட்டில் உன் கையாலேயே பதிவாகியிருக்கிறது. அதைத் திருத்த என் சொல் மட்டும் போதாது. நான் இதில் சம்பந்தப்பட்டவன். இன்னொரு சாட்சி வேண்டும்.

உன் உடலை எடுத்த அன்று ஆயா என்னிடம் வந்தார். “ஐயா, உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். இப்ப வேணாம்” என்றார். துக்கத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். நேற்று, புதன்கிழமை, ஜீயபுரத்தில் அவர் மகள் வீட்டுக்குப் போனேன். பேரனின் காதுகுத்துக்காகக் குளித்தலை போயிருக்கிறாராம். “வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி பஸ்ஸுல வந்துருவாங்க. நீங்க வருவீங்கன்னு அம்மா முன்னயே சொல்லியிருந்துச்சு” என்றாள் மகள்.

அந்த பஸ்ஸுக்கு நான் நிற்பேன். சேறு உண்டு, மண் சட்டை உண்டு, முப்பத்தொரு பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள் என்று ஆயா தம் பெயரில் சொன்னால், அது உன் பத்து வரியில் ஏறும். தேசிகன் நெற்றியில் இட்ட விரல் யாருடையது என்பதையும் அவர் சொல்லக்கூடும். அதை அச்சேற்றுவதா என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை. ஞாயிறு இதழின் பக்கம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அச்சுக்குப் போகிறது.